பழைய புல்லட்டுக்கு எதுக்கு குரோம், எதுக்கு பாலிஷ்

பழைய வண்டி ரெடி பண்றவங்க எல்லாரும் ஒரு கட்டத்துல கேக்குற கேள்வி இது, என்ஜின் கவர் எல்லாம் மங்கிப்போய் சாம்பல் கலர்ல கெடக்கு, மொத்தமா குரோம் போட்டுடலாமா இல்ல பஃப் அடிச்சு, அதாவது சுத்துற துணி வீல்ல தேய்ச்சு, பாலிஷ் பண்ணிக்கலாமான்னு. நான் மொதல்ல சொல்றது, ஒரு காந்தம் எடுத்துக்கோங்க. ஃபிரிட்ஜ் கதவுல ஒட்டியிருக்குமே, அந்த சின்ன காந்தமே போதும். வண்டியைச் சுத்தி ஒவ்வொரு பார்ட்லயும் வச்சுப் பாருங்க. ஒட்டுனா இரும்பு, பெரும்பாலும் அது குரோமுக்குப் போற சாமான். ஒட்டலைன்னா பெரும்பாலும் அலாய், அதாவது அலுமினியக் கலவை, அதுக்கு பாலிஷ்தான். சில பழைய இங்கிலீஷ் வண்டில ஹெட்லைட் ரிம் பித்தளைல இருக்கும், அதுலயும் காந்தம் ஒட்டாது, ஆனா பித்தளைல குரோம் அருமையா நிக்கும், அத மட்டும் தனியா எடுத்து வச்சுக்கோங்க.

நான் பேசப்போறது காஸ்ட் அயன் புல்லட்டை வச்சுதான், ஏன்னா என் கையில இருக்குறது அதான். 1955ல இங்கிலாந்து ரெட்டிட்ச் ஊர்ல இருந்த ராயல் என்ஃபீல்ட் கம்பெனியும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேந்து ஆரம்பிச்சது என்ஃபீல்ட் இந்தியா, திருவொற்றியூர் ஃபேக்டரில இருந்து வெளிய வந்த அந்த பழைய என்ஜின்ல சிலிண்டர் பேரல் மட்டும்தான் வார்ப்பிரும்பு. ஹெட்டு, கிராங்க் கேஸ், இடது பக்கம் செயின் கேஸ், வலது பக்கம் டைமிங் கவர், கியர் பாக்ஸ் கவர், மேல ரெண்டு ராக்கர் கவர் எல்லாமே அலாய். சைலன்சர், பெண்ட் பைப், ஹேண்டில் பார், ஹெட்லைட் ரிம், வீல் ரிம் இதெல்லாம் இரும்பு மேல குரோம். அதாவது அந்த வண்டியைச் செஞ்சவங்களே பிரிச்சுதான் வச்சிருக்காங்க. குரோமோட மினுக்கம் கொஞ்சம் நீலம் கலந்து கண்ணாடி மாதிரி இருக்கும், அலாயோட மினுக்கம் வெள்ளி கொலுசு மாதிரி மெத்துனு இருக்கும், ரெண்டும் பக்கத்துல பக்கத்துல இருக்குறதுலதான் அந்த வண்டிக்கு அழகே. எல்லாத்தையும் குரோம் ஆக்கிட்டா அந்த வித்தியாசம் போயிடுது, பாக்க எவர்சில்வர் கடை மாதிரி ஆயிடும்.

அழகு ஒரு பக்கம் இருக்கட்டும், அலாய்ல குரோம் ஏன் நிக்காதுங்கிறதைப் புரிஞ்சுக்கணும், ஏன்னா நானே ஒரு தடவை அதுல பணத்தையும் ஒரு நல்ல கவரையும் விட்டிருக்கேன். செயின் கேஸ் கவரை ஒரு பட்டறையில குடுத்து குரோம் போட்டு வாங்குனேன். வாங்குன அன்னைக்கு முகம் பாத்து தலை சீவலாம் போல இருந்துச்சு. ஒரு மழைக்காலம் ஒண்ணும் ஆகல. ரெண்டாவது மழைக்காலம் முடிஞ்சு ஒரு நாள் தொடைக்கும்போது விரல்ல ஏதோ நெரடுச்சு, ஃபுட்ரெஸ்ட் பக்கத்துல கடுகு சைஸ்ல ஒரு கொப்புளம். நகத்தால லேசா நெம்புனேன், முட்டை ஓடு மாதிரி ஒரு சில்லு பேந்து வந்துச்சு, அடியில வெள்ளையா மாவு மாதிரி பவுடர். அந்த மாவுதான் என்னோட அலுமினியம். அந்தப் பவுடரைத் தட்டிவிட்டா குழி. நாலு மாசத்துல அந்தக் குழி அஞ்சு ரூபா காசு அளவு வந்துடுச்சு.

காரணம் என்னன்னா, குரோம்னு நாம சொல்றது ஒரு கோட்டிங் இல்ல, அடுக்கு. அடியில காப்பர், அதுக்கு மேல நிக்கல், கடைசியாதான் குரோம். நிக்கல் 10 மைக்ரான்ல இருந்து 40 மைக்ரான் வரைக்கும் போகும், குரோம் அரை மைக்ரான் கூட இருக்காது பல நேரம், நம்ம தலைமுடியே 70 மைக்ரான் சுமார் இருக்கும்னா பாத்துக்கோங்க. பளபளப்பு குடுக்குறது, துருவைத் தடுக்குறது எல்லாம் நிக்கலோட வேலை, குரோம் அந்த நிக்கல் மங்காம கீறாம காக்குற மேல்தோல். இப்ப அலுமினியத்துக்கு ஒரு குணம் இருக்கு, காத்து பட்ட மாத்திரத்துல அதுமேல ஒரு ஆக்சைடு படலம் கட்டிக்கும், அந்தப் படலத்து மேல எந்த முலாமும் பிடிக்காது. அதனால ஜின்கேட்னு ஒரு கெமிக்கல்ல முக்கி, படலத்தை எடுத்துட்டு மெல்லிசா ஜிங்க் ஏத்தி, அதுக்கு மேலதான் காப்பர் போடணும், ஒழுங்கா செய்றவங்க ஜின்கேட்டை ரெண்டு தடவை செய்வாங்க. அதுல கொஞ்சம் சறுக்குனாலும் மேல இருக்குற மொத்த அடுக்கும் வெறும் போர்வைதான்.

அதுக்கு மேல கேஸ்டிங் பிரச்சனை. பழைய வார்ப்பு அலாய்ல கண்ணுக்குத் தெரியாத ஊசி ஓட்டை நெறைய இருக்கும், நாப்பது வருஷமா என்ஜின் ஆயில் குடிச்சு ஊறிப்போய் இருக்கும், ஆசிட் தொட்டில முக்கும்போது அந்த ஓட்டைக்குள்ள ஆசிடும் போய் ஒக்காந்துக்கும், மேல முலாம் மூடுனப்புறம் அது உள்ள இருந்தே வேலையைக் காட்டும். சூடு இன்னொண்ணு, அலுமினியம் சூட்டுல விரியிற அளவு நிக்கலை விட ஏறக்குறைய ஒன்றரை மடங்குக்கு மேல, தினமும் என்ஜின் சூடாகி ஆறி சூடாகி ஆறி, ரெண்டும் ஒண்ண ஒண்ணு இழுத்துக்கிட்டே இருக்கும். எங்கயாச்சும் ஒரு கல்லு பட்டு தெறிச்சு ஒரு புள்ளி திறந்துச்சுன்னா, மழைத்தண்ணியும் உப்புக்காத்தும் சேந்தா அது ஒரு பேட்டரி மாதிரி, நிக்கலும் குரோமும் தப்பிச்சுக்கும், அலுமினியம்தான் கரையும். இரும்புல துரு வெளிய தெரியும், நாம சுதாரிச்சுக்கலாம். அலாய்ல அது அடியில தின்னுட்டுதான் வெளிய வரும். சென்னையில கடலோரம் இருக்குறவங்க இதை ரொம்ப கவனிக்கணும்.

கவரிங் நகைக்கும் வெள்ளிக்கும் உள்ள வித்தியாசம்னு வச்சுக்கோங்க. கவரிங் தேஞ்சா முடிஞ்சுது, வெள்ளி கறுத்தா திரும்பத் தேச்சுக்கலாம். பாலிஷ் பண்ண அலாயும் மங்கும், ஆனா ஞாயித்துக்கிழமை அரை மணி நேரம் ஒக்காந்தா திரும்ப வந்துடும், பேந்து வர்றதுக்கு அதுமேல எதுவுமே இல்லையே.

அலாய் பாலிஷ் பண்றது எப்படின்னு இப்ப பாப்போம், இதுல அவசரப்பட்டா காரியம் கெட்டுடும்.

கழட்டிட்டுதான் செய்யணும், வண்டியிலயே வச்சு தேய்க்காதீங்க. புல்லட் செயின் கேஸ் கவர் நடுவுல ஒரே ஒரு நட்டுதான், அடியில ட்ரே வச்சுட்டு அதை எடுத்தா கவர் கையோட வந்துடும். டைமிங் கவர்ல தான் ஜாக்கிரதை வேணும். ஆயில் பம்ப் ரெண்டும், ஃபில்டரும் அந்தக் கவருக்குள்ளதான் இருக்கு, கிராங்குக்கு ஆயில் போற வழியே அது வழியாதான். பாலிஷ் சோப்புங்கிறது மெழுகுல குழைச்ச அரப்பொடி, அது ஒரு சிட்டிகை ஆயில் வழியில நின்னாலும் கிராங்க்ல கனெக்டிங் ராடு மாட்டுற பிக் எண்ட் பேரிங்கை அரைச்சுடும். பம்ப் எல்லாம் கழட்டி, ஒவ்வொரு ஓட்டையையும் மெழுகோ கார்க்கோ வச்சு அடைச்சு, உள் பக்கம் முழுக்க டேப் ஒட்டிடுங்க. கேஸ்கட் ஒக்கார்ற முகத்துல எமரி பேப்பர் படவே கூடாது, பட்டா லெவல் போயிடும், அப்புறம் என்ன கேஸ்கட் போட்டாலும் ஆயில் கசியும்.

கெரசின்ல பிரஷ் போட்டு கழுவி, சோப்புத் தண்ணில ஒரு தடவை கழுவி காயவைங்க. ஃபேக்டரியில அடிச்ச லேக்கரோ (நிறமில்லாத வார்னிஷ்) யாராவது அடிச்ச சில்வர் பெயிண்ட்டோ இருந்தா பெயிண்ட் ரிமூவர் போட்டு எடுத்துடுங்க, அதுமேல பஃப் அடிச்சா கருகிப்போய் கோடு கோடா நிக்கும். காஸ்டிக் சோடாவுல மட்டும் போட்டுடாதீங்க, சில பேர் கிரீஸ் போகும்னு போடுறாங்க, அலுமினியத்தை அது பொங்கிப் பொங்கி கரைச்சுடும், வர்ற கேஸும் தீப்பிடிக்குற ஹைட்ரஜன். வாஷிங் சோடாவும் அலாயைக் கறுக்க வச்சுடும்.

அடுத்தது எமரி, உண்மையான பாலிஷ் இங்கதான் நடக்குது, பஃப் வீல் கடைசியில வர்றது. பெயிண்டர் கடையில கிடைக்குற வாட்டர் பேப்பர் போதும், நம்பர் கூடக் கூட பேப்பர் நைஸா இருக்கும். ஆழமா கீறல், அரிப்பு குழி இருந்தா 220ல ஆரம்பிங்க, இல்லைன்னா 320. அப்புறம் 400, 600, 800, 1000. பேப்பரை ஒரு ரப்பர் துண்டுல சுத்திப் பிடிங்க, வெறும் விரலால தேய்ச்சா விரல் போன இடம் பள்ளமாகி, பாலிஷ் ஏறுனப்புறம் அலை அலையா தெரியும். சோப்புத் தண்ணியோ கெரசினோ தொட்டுத் தொட்டு தேய்ங்க, அலுமினியம் மிருதுவான உலோகம், காஞ்ச பேப்பர்ல அடைச்சுக்கிட்டு அதுவே புதுசா கீறும்.

இதுல ஒரே ஒரு ரகசியம்தான், ஒவ்வொரு நம்பர் மாறும்போதும் தேய்க்கிற திசையைக் குறுக்கால மாத்துங்க. 320ல மேலும் கீழுமா தேய்ச்சீங்கன்னா 400ல இடமும் வலமுமா. டியூப் லைட்டுக்கு நேரா கவரை சாய்ச்சுப் பாருங்க, பழைய கோடு ஒண்ணு கூட நிக்கக்கூடாது, எல்லாம் புது திசைக் கோடா இருந்தாதான் அடுத்த நம்பர். என் கவர்ல ராத்திரி எட்டு மணிக்கு மேல 600ல நிக்கும்போது எல்லாம் முடிஞ்சுதுன்னு தோணுச்சு, லைட்டுக்கு சாய்ச்சா ஓரத்துல மூணே மூணு பழைய கோடு, மயிரிழை மாதிரி. விட்டுடலாம்னு மனசு சொல்லும், விடாதீங்க. அந்தக் கோட்டை 1000 எடுக்காது, பஃப் எடுக்காது, பாலிஷ் ஏறுனப்புறம் அந்த மூணு மட்டும்தான் கண்ணுல நிக்கும். திரும்ப 400க்கு இறங்கி அந்த இடத்தை மட்டும் எடுத்துட்டு வந்தேன், ஒரு மணி நேரம் ஆச்சு, இன்னைக்கும் அந்த ஓரத்தைப் பாத்தா சந்தோஷமா இருக்கு.

குழி ரொம்ப ஆழமா இருந்தா எல்லாத்தையும் தேய்ச்சு சமமாக்கணும்னு இறங்காதீங்க. கவர் மெலிஞ்சுடும், எழுத்து முனை எல்லாம் மழுங்கிடும், வார்ப்புக்குள்ள இருந்த புது ஊசி ஓட்டை வேற வெளிய வரும். உடைஞ்ச இடத்துக்கு ஆர்கான் வெல்டிங் வச்சுக்கலாம், ஆனா ராடு அலாய் வேறயா இருந்தா பாலிஷ் போட்டப்புறம் அந்த இடம் மட்டும் வேற நிறமா தெரியும், வெல்டர்கிட்ட முன்னாடியே இது பாலிஷ் பீஸுன்னு சொல்லிடுங்க.

1000 முடிஞ்சா பஃப். வீட்ல பெஞ்ச் கிரைண்டர் இருந்தா ஒரு பக்கம் நார்ல செஞ்ச சிசல் வீல், இன்னொரு பக்கம் லூஸ் காட்டன் வீல் மாட்டிக்கலாம். சிசல்ல பிரவுன் சோப்பு, அது வெட்டும். காட்டன்ல வெள்ளை சோப்பு, அது மினுக்கும். பச்சை சோப்பு எவர்சில்வர், குரோம் மாதிரி கெட்டி உலோகத்துக்கு. இரும்பு அடிச்ச வீல்ல அலாயை வைக்காதீங்க, அதுல ஒட்டியிருக்குற இரும்புத் துகள் அலாயைக் கீறும், அதை விடப் பெருசு, அலுமினியத் தூசியும் இரும்புத் தூசியும் சேந்து கெடக்குற இடத்துல பொறி விழுந்தா தீப்பிடிக்கும். வேலை முடிஞ்சதும் கீழ சேந்த தூசியை அள்ளிப் போட்டுடுங்க, குவிச்சு வைக்காதீங்க.

பீஸைப் பிடிக்குற விதம் ரொம்ப முக்கியம். வீல் உங்களைப் பாத்து கீழ்நோக்கி சுத்தும், அதோட நடுமட்டத்துக்குக் கீழ்ப்பக்கம் மட்டும் பீஸை வைங்க, அப்பதான் தப்பித்தவறி பிடுங்குனாலும் பீஸ் உங்களை விட்டு விலகிப் போகும். கவரோட ஓரத்தை வீலுக்கு எதிரா காட்டவே கூடாது, நிமிஷத்துக்கு 2800 சுத்துல வீல் அதைக் கவ்வுச்சுன்னா கவர் செவுத்துல, இல்ல நம்ம நெஞ்சுல. ஓரம் வரும்போது வீல் ஓரத்தை விட்டு வெளிய ஓடுற மாதிரி திருப்பிப் பிடிங்க. தொள தொள கையுறை, துண்டு, முழுக்கை சட்டை எதுவும் வேண்டாம். கண்ணாடியும் மாஸ்க்கும் கண்டிப்பா வேணும். அழுத்தியும் பிடிக்காதீங்க, சூடேறுனா சோப்பு கருப்பா ஒட்டிக்கும், மேற்பரப்பு ஆரஞ்சுத் தோல் மாதிரி ஆயிடும்.

பஃபிங் பட்டறையில குடுக்குறதா இருந்தாலும் எமரி வேலையை நீங்களே முடிச்சுட்டு குடுங்க. பட்டறையில நேரம் மிச்சம் பண்ண கெட்டி வீல்லயே எல்லா கீறலையும் எடுக்கப் பாப்பாங்க, எழுத்தும் முனையும் சோப்புக்கட்டி மாதிரி உருண்டு வந்துடும். ஓட்டையை அடைச்சுக் குடுத்துட்டு, கேஸ்கட் முகம் மாதிரி வீல் படக்கூடாத இடத்துல மார்க்கர் போட்டும் குடுங்க.

முடிஞ்சதும் சோப்பு மிச்சம் போக சுடுதண்ணி, லிக்விட் சோப்புல கழுவி, ஆயில் வழி எல்லாத்துலயும் காத்து அடிச்சு, ஒரு முனையில பெட்ரோல் ஊத்தி மறுமுனையில சுத்தமா வருதான்னு பாத்துக்கோங்க. வெளிய லேசா முகப்பவுடர் தூவி பனியன் துணியால தொடைச்சா மெழுகுப் பிசுக்கு மொத்தமா போயிடும். கடைசியா மெட்டல் பாலிஷ் பேஸ்ட் கொஞ்சம், கையால. மேல லேக்கர் அடிச்சா தேய்க்கிற வேலை மிச்சம்னு சொல்லுவாங்க, என்ஜின் சூட்டுல அது மஞ்சளாகி உரியும், உரிஞ்ச இடத்துல மட்டும் கறுக்கும், அதை எடுக்குறது இன்னொரு வேலை. கார் வேக்ஸ் போதும், மழைக்கு முன்னாடி ஒரு கோட்.

இப்ப இரும்பு சாமான், குரோம். இதுல வேலை செய்யப்போறது பட்டறைக்காரர், நம்ம வேலை சரியா கேக்குறது. துருக்குழி இருந்தா குரோம் அதை மறைக்காது, இன்னும் எடுத்துதான் காட்டும். பழைய குரோமை எடுத்து, இரும்பை பஃப் அடிச்சு, குழி இருந்தா காப்பர் கனமா ஏத்தி, அந்த காப்பரைத் திரும்ப பஃப் அடிச்சு சமமாக்கி, அப்புறம் நிக்கல், அப்புறம் குரோம். காப்பர் நிலையில நான் வந்து ஒரு தடவை பாக்குறேன்னு சொல்லுங்க, நல்ல பட்டறைக்காரர் சந்தோஷமா சரிம்பார். ரேட்டு ரொம்ப கம்மின்னா பெரும்பாலும் நிக்கல்லதான் கை வச்சிருப்பாங்க, மேல குரோம் அதே மினுக்கம்தான் காட்டும், வாங்கும்போது ஒண்ணும் தெரியாது, ஆறு மாசத்துல ஊசிமுனை ஊசிமுனையா துரு வரும்.

குரோம் தொட்டில இடுக்குக்குள்ள, வளைவுக்குள்ள கரண்ட் சரியா போகாது, அதனால உள் மூலையில கோட்டிங் ஏறாது. மட்கார்டு உள்பக்கம், ரிம் உள்பக்கம் இதெல்லாம் அநேகமா வெறும் இரும்புதான், துரு அங்க ஆரம்பிச்சுதான் வெளிய வரும். மட்கார்டு உள்பக்கம் பெயிண்ட் அடிச்சுடுங்க. ஹேண்டில் பார் மாதிரி பைப்புக்குள்ள ஆசிட் தண்ணி நிக்கும், வாங்குனதும் கழுவி காயவச்சு உள்ள ஆயில் விட்டுடுங்க. மைசூர்ல வந்த ஜாவா மாதிரி டேங்க் பக்கமே குரோமா இருக்குற வண்டின்னா, மூடி, பெட்ரோல் டேப் ஓட்டை எல்லாத்தையும் இறுக்கமா அடைச்சுக் குடுக்கணும், அதுக்கு முன்னாடி லீக் டெஸ்ட் பண்ணிடணும், குரோம் போட்டப்புறம் வெல்டிங் வச்சா எல்லாம் வீண்.

குரோம் போடவே கூடாத சாமானும் இருக்கு. ஆக்ஸில், ஸ்பிரிங், ஹை டென்சைல் (ரொம்ப கெட்டி ஸ்டீல்) போல்ட். ஆசிட்லயும் தொட்டிலயும் இருக்கும்போது ஹைட்ரஜன் அந்த ஸ்டீலுக்குள்ள புகுந்துக்கும், கெட்டி ஸ்டீல் அதனால கண்ணாடி மாதிரி படக்குனு உடையும், முன்னாடி ஒரு அறிகுறியும் காட்டாது. முலாம் போட்ட கொஞ்ச மணி நேரத்துக்குள்ள 200 டிகிரி சுமாருக்கு அடுப்புல வச்சு பல மணி நேரம் சுட்டா அந்த ஹைட்ரஜன் வெளியேறும், அந்த வசதி இருக்குற இடம்னு உறுதியா தெரியாம உயிரை வச்சுப் பாக்காதீங்க. பேரிங் ஒக்கார்ற இடமும் அப்படித்தான், 20 மைக்ரான் ஏறுனாலே பேரிங் உள்ள போகாது.

வீட்லயே குரோம் போடலாம்னு யாராச்சும் சொன்னா வேண்டவே வேண்டாம். அந்தத் தொட்டில இருக்குற குரோமிக் ஆசிட் புற்றுநோய் வரவைக்கிறது, அந்த ஆவியில வருஷக்கணக்கா நின்ன தொழிலாளிங்களுக்கு மூக்குத்தண்டுல ஓட்டையே விழுந்திருக்கு. கழிவுநீரை சுத்தம் பண்ற வசதி உள்ள பட்டறையா பாத்து குடுங்க, பணம் கொஞ்சம் கூட ஆனாலும்.

1920களோட முன்பாதில வந்த வண்டி யார்கிட்டயாவது இருந்தா, குரோம் பக்கமே போகாதீங்க. அலங்கார குரோம் வியாபாரத்துக்கு வந்ததே 1920களோட பின்பாதிலதான், அதுக்கு முன்னாடி எல்லாம் வெறும் நிக்கல், கொஞ்சம் மஞ்சள் சாயல்ல இருக்கும், அதுதான் அந்த வண்டியோட நிறம்.

குரோமை எமரி, ஸ்டீல் ஸ்கிரப்பர் வச்சு தேய்க்காதீங்க. துருப்புள்ளி வந்தா சமையல்கட்டுல இருக்குற சில்வர் ஃபாயிலைக் கசக்கி தண்ணில நனைச்சு மெதுவா தேய்ங்க, ஃபாயில் குரோமை விட மிருது, துரு மட்டும் வரும், அப்புறம் வேக்ஸ். வாட்டர் வாஷ்ல விடும்போது என்ஜின் மேல எந்த கெமிக்கலும் அடிக்காதீங்கன்னு நின்னு சொல்லிடுங்க, ஒரே வாஷ்ல மொத்த அலாயும் கறுத்துப்போன வண்டி பாத்திருக்கேன்.

திரும்ப மாட்டும்போது செயின் கேஸ் ரப்பர் ரிங் புதுசு போடுங்க, டைமிங் கவர்ல கிராங்க் முனையில இருக்குற கார்க் சீலும் புதுசு போடுங்க, பழசு விலை கம்மின்னு திரும்ப வைக்காதீங்க. நடு நட்டை ரொம்ப இறுக்க வேண்டாம், கவர் வளைஞ்சுடும். ஆயில் ஊத்தி, ஸ்டார்ட் பண்ணி, ஆயில் டேங்க் ரிட்டர்ன்ல ஆயில் திரும்பி வருதான்னு ஆயில் மூடியைத் திறந்து பாத்துட்டு, சூடேற விட்டு, ஆஃப் பண்ணி, கவர் கை பொறுக்குற சூட்டுக்கு ஆறுனதும் விரல் ரேகை எல்லாம் போக ஒரு தடவை பனியன் துணியால தொடைச்சுடுங்க, வியர்வைக் கையோட விட்டா மறுநாள் காலைல அந்த ரேகை அப்படியே பதிஞ்சிருக்கும்.